நடுவிலிருந்து ஒரு நூல்

கம்பளி நெசவாளர் சங்கத்தின் முத்திரைக்கு ஒரே சோதனைதான். போர்வை நூலைக் கொளுத்தினால் முடி கருகும் நாற்றம் வர வேண்டும். உருகினால் பிளாஸ்டிக் கலப்பு. நெய்தவர் சங்கத்தைவிட்டு வெளியே.

அத்தையின் போர்வையில் ஓர நூலைக் கொளுத்திய தலைவர், தலையாட்டியபடி முத்திரையை எடுத்தார்.

சங்கச் செயலாளர் அத்தையின் அண்ணன் மகள்தான். நேற்று அலசிய அந்தப் போர்வை ஒரே மணி நேரத்தில் காய்ந்ததை அவள் பார்த்திருந்தாள். கம்பளி அப்படிக் காயாது.

"நடுவுலேர்ந்து ஒண்ணு உருவுங்க" என்றாள் தலைவரிடம்.

"உன்னைக் காலேஜுக்கு அனுப்புனவளையே கொளுத்திப் பாக்குறியாடி?" அத்தை சீறினாள்.

"உங்கள இல்ல அத்தை, நூலைத்தான்."

யாரும் கை நீட்டாததால் அவளே உருவித் தீக்குச்சியைக் கிழித்தாள். நூல் சுருண்டு கறுப்பு மணியாக உருகியது.

"இனிமே என் வாசப்படி மிதிக்காதே" என்றாள் அத்தை.

"சரி அத்தை" என்றவள், உறுப்பினர் பட்டியலில் அத்தையின் பெயரைத் தானே கோடு போட்டு அடித்தாள்.