மூன்று மணித்தியாலப் பேரம்

மீராமுகைதீன் ஹாஜியாரின் உயிருக்கு விலை, வாரத்துக்குப் பன்னிரண்டு மணித்தியாலம். செவ்வாய், வியாழன், சனி, தடவைக்கு நாலு. இரத்தம் சுத்திகரிக்கும் மெசினுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு சதம் வாங்குவதில்லை. நேரத்தைத்தான் வாங்கும்.

நற்பிட்டிமுனை வீதியில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஹாஜியார், முப்பது வருசத்தில் சொன்ன விலைக்கு ஒரு சாக்கு நூல்கூட வாங்கியதில்லை. இதையும் குறைக்கலாம் என்றே நினைத்தார்.

அறுவடைக் காலம். காலை எட்டுக்கே ஈர நெல் ஏற்றிய பெட்டிகளை இழுத்தபடி உழவு மெசின்கள் ஆலை வாசலில் வரிசைகட்டும். ஹாஜியார் நாலு நெல்மணியை வாயில் போட்டுக் கடிப்பார். கடிபடும் சத்தத்திலேயே ஈரம் சொல்லிவிடுவார். விலை அதற்குப் பிறகுதான். கணக்கப்பிள்ளை பர்ஹானிடம் ஈரம் அளக்கும் பற்றரிக் கருவி இருந்தது. ஆனால் வீரமுனை விவசாயிகள் ஹாஜியாரின் பல்லை நம்பினார்களே தவிர பற்றரியை நம்பவில்லை.

நெல் உலர்த்தும் இயந்திரம் ஒன்று போட்டால் பல்லுக்கே வேலை இராது. கடன் தர வங்கி ஆயத்தம். ஆயுள் காப்புறுதி மட்டும் வேண்டுமாம். காப்புறுதிக்காரன் வந்தான், சிறுநீரக அறிக்கையைப் பார்த்தான், ஊற்றிவைத்த தேநீரையும் விட்டுவிட்டுப் போனான். சரி, பகலில் ஆலையில் நிற்கவேண்டும், இரவில் வருகிறேன் என்று ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்தார். அங்கே ஆறு மெசினும் மாலை ஆறுக்கே உறை போர்த்திக்கொண்டன. மேலதிக நேரக் கொடுப்பனவை நிறுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை வந்து ஒரு வருசமாம்.

பேரம் பேச மிஞ்சியது, மெசினைப் பார்க்கும் ஆண் தாதி கிசோக் மட்டும்.

"தம்பி, ரெண்டரை."

"நாலு, ஹாஜியார்."

"சரி, மூண்டு. உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம்."

"மெசினுக்குக் காது இல்ல ஹாஜியார்."

கடைத்தெருவில் இதற்கு ஒரு வழி உண்டு. எழும்பி நாலு எட்டு நடந்தால் கடைக்காரன் பின்னால் நின்று கூப்பிடுவான். மூன்றாம் மணித்தியாலம் முடிந்ததும் ஹாஜியார் அதைத்தான் செய்தார். குழாயைக் கழற்று, நான் போகிறேன் என்றார். கிசோக் கூப்பிடவில்லை. சொந்தப் பொறுப்பில் வெளியேறுவதாக எழுதிய தாளை நீட்டினான்.

"சைன் வைக்க முதல் யோசிங்க. தண்ணி நெஞ்சில தங்கினா மூச்செடுக்க ஏலா."

போகிறேன் என்று சொன்ன வியாபாரி எந்த முகத்தோடு திரும்பக் குந்துவது? கையொப்பம் வைத்தார். வீட்டுக்குப் போய், ஒரு மணித்தியாலம் இலாபம் என்றார். மனைவி றாஹிலா அவருடைய வீங்கிய காலைப் பெருவிரலால் அமுக்கினாள். விழுந்த குழி நிரம்ப வெகுநேரம் எடுத்தது.

"இந்த லாபத்த ஆரு தின்னப்போற?" என்றாள்.

அப்படியே மூன்று வாரம், ஒன்பது தடவை. நாலாம் வாரத் திங்கட்கிழமை, வீரமுனைக்காரர் ஒருவரின் நெல்லை வாயில் போட்டவருக்குக் கடிக்க மூச்சு இல்லை. நெற்குவியலில் சரிந்தார். பாவம், அந்த மனிதர் கொஞ்ச நேரம் விலைக்காகக் காத்து நின்றாராம்.

வெள்ளிவரை நாலு நாள் வார்டில். ஆலைக்குப் பூட்டு, ஒன்பது கூலிக்காரரும் வீட்டில். வாசலில் நின்ற நெல்லை வெளியூர் லொறிக்காரன் தன் வாய்க்கு வந்த விலைக்கு ஏற்றினான். ஏற்கெனவே வாங்கி அடுக்கியது சாக்கிலேயே முளைவிட்டது. பர்ஹான்தான் வார்டுக்கு வந்து சொன்னான்.

சனிக்கிழமை கிசோக் ஊசியோடு வந்தபோது ஹாஜியார் கையை நீட்டிக் கொடுத்தார்.

"அந்த ஒன்பது மணித்தியாலத்தையும் இப்ப திருப்பித் தந்தா எடுப்பியா தம்பி?"

"திருப்பி எடுக்கிறல்ல, ஹாஜியார்."

மெசின் சுற்றத் தொடங்கியது. சுவர்க் கடிகாரம் எதிரே இருந்தது. ஊசி ஏறாத கையால் மருந்து எழுதிய துண்டின் பின்பக்கத்தில் எழுதினார்:

மிச்சம் பிடித்தது ஒன்பது மணித்தியாலம். வார்டில் போனது நாலு நாள், தொண்ணூற்றாறு. இன்று கட்டுவது நாலு; அது இன்றைக்குரியது. நிலுவை எண்பத்தேழு.