இருபத்தெட்டு மார்க் மாப்பிள்ளை

பால்துரை மகளுக்கு மாப்பிள்ளை விசாரிக்கும் வேலை என்னிடம் வந்ததற்குக் காரணம், அமெரிக்காவில் எங்கள் பிரிட்ஜ்வாட்டர் வட்டாரத்துத் தமிழர்களில் தேதி போட்டு, எண் போட்டு, நகல் வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிற ஒரே ஆள் நான் என்பதுதான். வழக்கமாக விசாரணைக் கடிதம் சபை குருவானவருக்கும் பையன் வேலை பார்க்கும் இடத்துக்கும் போகும். இந்தப் பையன் வேலை பார்க்கும் இடம் ஒரு பேஸ்பால் மைதானம்.

பெயர் டேவிட் கோவால்ஸ்கி. இரண்டாம் தர லீக் ஒன்றில் ஐந்து வருடமாக ஆடுகிறான். கட்டினால் அவனைத்தான் என்று யூனிஸ் சொல்லிவிட்டாள். இரண்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள். அப்பா தமிழில் திட்டுவார், மகள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். சண்டைக்கு மொழி ஒரு தடையாக இருந்ததே இல்லை.

கிளப்புக்கு எழுதினேன். குணம், குடிப்பழக்கம், குடும்பம் என்று வரிசையாக மூன்று கேள்விகள். பதிலுக்கு வந்தது ஓர் அச்சடித்த தாள். குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பையன் 1,640 முறை மட்டை பிடித்திருக்கிறான், 461 முறை அடித்துவிட்டுப் பத்திரமாக ஓடிச் சேர்ந்திருக்கிறான், சராசரி .281. பக்கத்திலேயே லீக் சராசரி, .262.

1988 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பால்துரை ஹெட்மாஸ்டர் மகன். படிப்பதற்கு முன்பே சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி இது? இருபத்தெட்டு மார்க்கா?"

"மார்க் இல்ல, ஆவரேஜ்."

"நூத்துக்கு இருபத்தெட்டுதானே? பாஸ் மார்க்கே முப்பத்தஞ்சு! அஞ்சு வருஷமா ஒரே கிளாஸ்ல ஃபெயில் ஆயிட்டிருக்கான்."

"லீக் ஆவரேஜே இருபத்தாறுதான். பையன் அதுக்கு மேல."

"அப்ப மொத்த கிளாஸும் ஃபெயில். அதுல இவன் ஃபர்ஸ்ட் ரேங்க்!"

"முப்பது எடுத்தா இந்த ஊர்ல சிலை வைப்பாங்க."

"வைக்கட்டும். என் வீட்டு ஹால்ல வேணாம்." .281-ன் கீழே இரண்டு கோடு விழுந்தது.

யூனிஸ் மாடியிலிருந்து ஒரு தடித்த ஃபைலோடு இறங்கி வந்தாள். எல்லோருக்கும் தெரிந்த ஃபைல்தான். அறுபத்தெட்டில் பால்துரை வேலை தேடியபோது வந்த மறுப்புக் கடிதங்கள், தேதிவாரியாக. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் பிரியாணிக்கும் கேக்குக்கும் நடுவில் அதைத் திறந்து விடாமுயற்சி பற்றிப் பேசுவார். இருபது கிறிஸ்துமஸ் கேட்டும் நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

"டாட், ஹவ் மெனி அப்ளிகேஷன்ஸ்?"

"நூத்திநாலு!" பழக்கதோஷம், பெருமையாகவே சொன்னார்.

"ஹவ் மெனி ஜாப்ஸ்?"

"ஒண்ணு. ஒண்ணு போதாதா?"

"அங்கிள், வாட்ஸ் ஹிஸ் ஆவரேஜ்?"

கணக்கில் எனக்கு முகதாட்சணியம் கிடையாது. தாளின் ஓரத்திலேயே வகுத்தேன். "நூத்துக்கு ஒண்ணு. அதுவும் தாராளமா ரவுண்ட் பண்ணி."

பால்துரை பேனா மூடியைத் தேடினார். அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. கண்டுபிடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, அறுபத்தெட்டுல நம்ம ஆளுங்களுக்கு லீக் ஆவரேஜ் எவ்வளவு இருந்திருக்கும்?"

அடுக்களையிலிருந்து அவர் மனைவி ஞானம் எட்டிப் பார்த்தார்.

"யூனிஸ், அந்தத் தம்பி நாளைக்குச் சாப்பிட வந்தா மீன் குழம்புல காரம் குறைக்கணுமா?"

"குறைக்காதே," என்றார் பால்துரை. "எத்தனை வாய் தாங்குறான்னு எண்ணிப் பார்ப்போம்."