வெறுந்தாள் கையெழுத்து

சத்துருக்களுக்காக ஜெபியுங்கள் என்று போதகர் சொன்ன ஞாயிற்றுக்கிழமைகளில் சுந்தரபாய் தவறாமல் ஜெபித்தாள். கோமதிநாயகம் செத்துவிடக் கூடாது என்று ஜெபித்தாள். அவனுக்குக் காய்ச்சல் வரக் கூடாது, பஸ்ஸில் அடிபடக் கூடாது, நெஞ்சு வலி வரவே கூடாது. நோய்வாய்ப்பட்டுப் படுத்தால் ஊர் பாவம் பார்க்கும். அவன் குண்டுக்கல்லாட்டம் இருக்க வேண்டும், இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிய வேண்டும். அப்போதுதான் நடக்கப் போவதை முழுசாகப் பார்ப்பான். இப்படி ஒரு ஜெபம் செல்லுமா செல்லாதா என்று அவள் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.

கோமதிநாயகம் சங்கரன்கோவிலில் வரிக் கணக்கு எழுதுகிறவன். சின்னக் கடைக்காரர்களுக்கு விற்பனை வரி பாரம் நிரப்பி ஆபீசில் கொடுப்பான். நோட்டீஸ் வந்தால் அவர்களுக்காகப் போய் நிற்பான். சுந்தரபாயின் புருஷன் ஜஸ்டஸ் தெற்கு ரத வீதியில் நூல், பொத்தான், லேஸ் விற்கிற கடை வைத்திருந்தார். எதிர்ச் சாரியில் மாடியில் கோமதிநாயகத்தின் ஆபீஸ். பத்து வருஷம் ஜஸ்டஸ் அவனை நம்பினார். வருஷா வருஷம் சித்திரை பிறந்ததும் மாடியேறிப் போவார். அவன் தலையை நிமிர்த்தாமலே சொல்வான்:

"நாலு பாரத்துலயும் கையெழுத்தப் போடும் வே. அப்படியே ரெண்டு வெள்ளத்தாள்லயும் போட்டுட்டுப் போரும், அவசரத்துக்கு ஆவும். மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

ஜஸ்டஸ் போட்டுவிட்டு வந்து, அவன் சொன்னதை அப்படியே சுந்தரபாயிடம் சொல்வார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டால் நோட்டைக் கொடுக்கிற மாதிரி அவருக்கு அது.

எழுபத்தெட்டாம் வருஷம் கோவில் ஆடித்தபசுத் திருவிழா அன்றைக்குத் தெருவெல்லாம் ஜனம் நெரிகிற நேரத்தில் வரி ஆபீஸ்காரர்கள் கடைக்குள் நுழைந்தார்கள். கணக்கு நோட்டுகளைச் சாக்கில் கட்டி பியூன் தலையில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தபசு பார்க்க வந்த கூட்டம் அதையும் சேர்த்துப் பார்த்தது. ஆபீசில் அதிகாரி வேறொரு கணக்கு நோட்டை எடுத்து வைத்தார். ஜஸ்டஸ் காட்டியதைப் போல நாலு மடங்கு வியாபாரம் அதில் இருந்தது. 'இதுதான் என் உண்மையான கணக்கு' என்று ஒரு தாள் அதோடு சேர்த்துத் தைத்திருந்தது. நோட்டைப் புரட்டவிடாமல் அந்தத் தாளை மட்டும் காட்டினார்.

"இந்தக் கையெழுத்து உங்களுடையதுதானே?" என்று அதிகாரி கேட்டார்.

"என்னுடையதுதான்" என்றார் ஜஸ்டஸ். வேறு என்ன சொல்வார்? பொய் சொல்லத் தெரியாத மனுஷனுக்கு உண்மையே தூக்குக் கயிறாகிவிட்டது.

சபையில் அவர்தான் பொருளாளர். விலகிக்கொள்ளுங்கள் என்று கமிட்டி சொல்லவில்லை. காணிக்கைப் பெட்டிச் சாவி கொஞ்ச நாள் வேறு ஆளிடம் இருக்கட்டும் என்றது. அன்று வீட்டுக்கு வந்து படுத்தவர் பிறகு சரியாக எழுந்திருக்கவில்லை. கார்த்திகையில் நெஞ்சு வலி. கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளும்போது, "கள்ளக் கணக்குக்காரருக்குக் கூட்டத்தப் பாரேன்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னது சுந்தரபாயின் காதில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த ஆளோடு கோபம் தீர்ந்து போயிருக்கும்.

தை மாதம் அவள் பேருக்கு நோட்டீஸ் வந்தது. பதினைந்து நாளில் பதில் கொடுக்காவிட்டால் கடை ஜப்தி. மறுநாளே கோமதிநாயகம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"பொம்பள ஆளு, ஆபீசு கோர்ட்டுன்னு அலைய முடியுமா? கடைய எம் மச்சினன் பேருக்கு எழுதிக் குடுத்திருங்க. நோட்டீஸ நான் ஒண்ணுமில்லாம ஆக்கித் தாரேன்."

அதுவரைக்கும் அவளுக்கு அவன் மேல் சந்தேகம்தான் இருந்தது. அந்த நிமிஷத்தில் எல்லாம் வெட்ட வெளிச்சமாகத் தெரிந்துவிட்டது.

"யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்று சொல்லி அவனுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பினாள்.

பிறகு உதவிக்கு அலைந்தாள். திருநெல்வேலி வக்கீல் நோட்டீஸைப் பிரித்துப் பார்க்கவே ஐந்நூறு ரூபாய் கேட்டார். வியாபாரிகள் சங்கச் செயலாளர் கோமதிநாயகத்துக்குச் சகலை. போதகர் ஜெபித்தார். பத்து நாள் போய்விட்டது. லேஸ் வாங்க வந்த ஜரினா, "என்னக்கா, மூஞ்சி செத்துப் போயிருக்கு?" என்று கேட்டபோது மிச்சம் ஐந்து நாள் இருந்தது.

ஜரினா கடையநல்லூர்க்காரி. சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "எங்க யாகூப் மாமாட்ட வாங்க" என்றாள். "வரி ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆயிட்டாவ. யாரு நோட்டீஸ் கொண்டு போனாலும் சும்மாவே எழுதிக் குடுப்பாவ. ஒரு சாயா வாங்கிக் குடுத்தா போதும்."

சும்மா எழுதிக் கொடுக்கிற ஆள் என்றதும் சுந்தரபாய்க்கு நம்பிக்கை வரவில்லை. போனாள். யாகூப் ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல் கட்டியிருந்தார். நோட்டீஸை இரண்டு தடவை படித்தார்.

"எதுக்கு பாய் காசு வாங்காம செய்யுதீங்க?" என்று அவள் நேராகவே கேட்டாள்.

"முப்பது வருஷம் நோட்டீஸ் டைப் அடிச்சு அனுப்புனேன் தாயி. வாங்குனவன் என்ன ஆனான்னு ஒரு நாளும் பாத்ததில்ல. இப்பம் பதில் எழுதுதேன்." அவர் சாயாவை ஊதிக் குடித்தார். "உம் மாப்பிள்ள ஜஸ்டஸ் எழுதுன கணக்குன்னு ஆபீஸ்ல சொல்லுதானுவளே அந்த நோட்டு, அத நீ கண்ணால பாத்தியா?"

"காட்டுவாங்களா?"

"மனு போட்டா காட்டித்தான் ஆவணும். அதுக்குக் காசு பணம் ஒண்ணும் வேண்டாம். உம் மாப்பிள்ளைக்கு இத ஒருத்தனும் சொல்லலையாக்கும்?"

ஒருத்தனும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் மாடியில் உட்கார்ந்திருந்தான். சுந்தரபாய் அங்கேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு மனுத் தாள் இல்லாமல் ஒரு மனுஷன் செத்துப் போயிருக்கிறார்.

மூன்றாம் நாள் வரி ஆபீசில், யாகூப் பக்கத்தில் நிற்க, அந்த நோட்டை அவள் முன்னால் வைத்தார்கள். முதல் பக்கத்தைத் திறந்ததும் அவள் கை நின்றது. தலைப்பில் பிள்ளையார் சுழி. வால் மேலே ஏறி வளைந்து, கீழே இரண்டு கோடு. அடுத்த பக்கம், அதே சுழி. கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரு பக்கம் பாக்கியில்லை.

ஜஸ்டஸ் எந்தத் தாளை எடுத்தாலும் தலைப்பில் 'எபெனேசர்' என்று எழுதிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். இம்மட்டும் கர்த்தர் உதவி செய்தார் என்று அதற்கு அர்த்தம். பலசரக்குச் சீட்டில்கூட எழுதுவார். அவளே கேலி செய்திருக்கிறாள். திருட்டுக் கணக்கு எழுதியவன் ஜஸ்டஸின் எழுத்தை அச்சு அசலாக எழுதியிருந்தான். ஆனால் சுழி போடாமல் அவன் கை தாளில் நகராது. பிறந்ததிலிருந்து பழகிய கை. எழுதுவது வேதக்காரன் கணக்கு, கிறிஸ்தவன் சுழி போட மாட்டான் என்று மூளைக்குத் தெரிந்தும் கைக்குத் தெரியவில்லை.

யாகூப் எடுத்து வரச் சொன்ன பழைய காகிதங்களுக்காக அவள் பைக்குள் கை விட்டாள். பத்து வருஷமாகக் கோமதிநாயகம் கூலி வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்த ரசீதுகள். ஒவ்வொன்றின் தலையிலும் அதே சுழி, அதே ஏறின வால், அதே இரண்டு கோடு. யாகூப் காலண்டரைக் கேட்டு வாங்கித் தேதிகளைப் பார்த்தார்.

"சார், ஞாயித்துக்கிழமையெல்லாம் வியாபாரம் நடந்திருக்கு. பெரிய வெள்ளிக்கிழமகூட நடந்திருக்கு. அன்னைக்கு இந்தக் கட கதவு திறந்து பாத்தவங்க ஊர்ல யாராச்சும் உண்டா?"

அதிகாரி ரசீதையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். எவனோ பெரிய வியாபாரி மறைத்த வியாபாரத்தை யார் தலையிலாவது கட்ட வேண்டியிருந்தது; ஜஸ்டஸ் கையெழுத்துப் போட்ட வெள்ளைத்தாள் கோமதிநாயகத்தின் கையில் இருந்தது; நோட்டை எழுதி, தாளைத் தைத்து, ஆபீசுக்கு அனுப்பிவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. நோட்டீஸ் தள்ளுபடியானது. வரி ஆபீஸ் படியை இனி மிதிக்கக் கூடாது என்று கோமதிநாயகத்துக்கு உத்தரவு போயிற்று.

தள்ளுபடி உத்தரவின் நகலை சுந்தரபாய் சபைக் கமிட்டியில் எல்லோர் முன்னாலும் வாசிக்க வைத்தாள். வருத்தம் தெரிவித்தார்கள். காணிக்கைப் பெட்டிச் சாவியைக்கூட யாரோ நீட்டினார்கள். "யாருட்ட குடுக்கீங்க?" என்று கேட்டாள். நீட்டிய கை மடங்கிக்கொண்டது.

"அதான் ஜெயிச்சாச்சே தாயி" என்றார் யாகூப்.

"கட ஜெயிச்சிட்டு பாய். நான் இன்னும் ஜெயிக்கல."

அடுத்த சனிக்கிழமை அவள் கடை வாசலில் ஒரு பலகை தொங்கியது. 'வரி பாரம், நோட்டீஸுக்குப் பதில், இங்கே இலவசமாக எழுதித் தரப்படும்.' மாடி ஜன்னலுக்கு நேரே, அங்கிருந்து வாசிக்கிற அளவுக்குக் கொட்டை எழுத்தில். சனிக்கிழமைதோறும் யாகூப் பஸ்ஸில் வந்து இறங்குவார். தையல் மிஷின் மேஜையில் உட்கார்ந்து எழுதுவார். காசு இல்லை. ஆனால் சுந்தரபாய் ஒரு நிபந்தனை வைத்தாள். வருகிறவர்கள் முதலில் மாடியேறித் தங்கள் நோட்டையும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெள்ளைத்தாள்களையும் கேட்டு வாங்கி, பட்டப்பகலில் தெருவைக் கடந்து கொண்டுவர வேண்டும்.

பானைக்கடை மூக்காண்டிதான் முதலில் போனார். நோட்டுகளைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். சுந்தரபாய் லேஸை முழம் போடுவதை நிறுத்திவிட்டு, அந்தச் சாக்கு தெருவைக் கடக்கிறதைக் கண் நிறையப் பார்த்தாள். வாரத்துக்கு நாலு சாக்கு, ஐந்து சாக்கு. ஆடி பிறப்பதற்குள் மாடி காலியாகிவிட்டது. அவளுக்கு அன்றைக்கெல்லாம் சோறு ருசித்தது. அதைச் சொல்ல அவள் வெட்கப்படவும் இல்லை.

மறு வருஷம் ஒரு சனிக்கிழமை, வரிசையில் கடைசி ஆளாகக் கோமதிநாயகம் நின்றான். கையில் வருமான வரி நோட்டீஸ், முழுக்க இங்கிலீஷ். முன்னால் ஏழு பேர். சுந்தரபாய் அவனை முன்னே கூப்பிடவில்லை. வெயில் அவன் வழுக்கையில் விழுந்துகொண்டிருந்தது. அவன் முறை வந்தது.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது. யாரும் எழுதித் தர மாட்டேங்காவ" என்று அவன் யாகூப்பிடம் சொன்னான். "நானா தமிழ்ல எழுதிக் குடுத்தா, என் எழுத்தப் பாத்த ஒடனே தூக்கிப் போட்டுருவாவ."

யாகூப் சுந்தரபாயைப் பார்த்தார். "வாரவங்கள இல்லன்னு சொல்லுத பழக்கம் நமக்குக் கிடையாது தாயி."

"யாரு இல்லன்னு சொன்னா? எழுதுங்க." அவள் கல்லாவிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். பேனாவைத் திறந்து கொடுத்தாள். "அண்ணாச்சி, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. அவசரத்துக்கு ஆவும்."

கோமதிநாயகம் அந்தத் தாளையே பார்த்தான். வெறுந்தாள் கையெழுத்து என்ன செய்யும் என்று அந்த ஊரில் அவனை விட நன்றாகத் தெரிந்த ஆள் கிடையாது.

"அம்மா..." என்றான்.

"பொறவால இன்னும் ரெண்டு பேரு வந்து நிக்காவ."

அவன் பேனாவை வாங்கினான். கை தானாக மேலே போய், வால் ஏறின சுழி ஒன்று போட்டு, கீழே இரண்டு கோடு இழுத்தது. பிறகு கையெழுத்துப் போட்டான். யாகூப் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் பதிலை நன்றாகவே எழுதினார். அபராதம் பாதியாகக் குறைந்தது.

தாள் கல்லாப் பெட்டியில் கிடக்கிறது. மாதம் ஒரு தடவை கோமதிநாயகம் கடைக்கு வருவான். தேவையில்லாமல் ரெண்டு பொத்தான் வாங்குவான். சில்லறைக்காக அவள் கல்லாவைத் திறக்கும்போது எட்டிப் பார்ப்பான்.

"அந்தத் தாளு... வேல முடிஞ்சிட்டுல்லா? திருப்பித் தந்திட்டீங்கன்னா..."

சுந்தரபாய் கல்லாவை மெதுவாகத் தள்ளி மூடுவாள். அவனுக்கு உடம்பு சுகமா, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று ஒரு தடவை முகத்தைப் பார்ப்பாள்.

"போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்பாள். "மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."