நல்லா இல்லாத படங்கள்

மீஞ்சூரில் ரயில் ஏறிய சாலமோனுக்கு, தினமும் கூட வருகிற அப்பாவு ஜன்னலோரம் இடம் போட்டு வைத்திருந்தான். பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். சனிக்கிழமை காலையில் மட்டும்தான் இந்த மரியாதை. மற்ற நாளெல்லாம் சாலமோனும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் கும்மிடிப்பூண்டி போய்ச் சேர வேண்டும். அவன் வேலை பார்க்கிற இரும்புக் கம்பி மில்லில் அவனுக்கு வார லீவு வெள்ளிக்கிழமை. புதுப்படம் வருகிற நாளும் அதுதான். சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகிற அந்தப் பெட்டியில் முதல் நாளே படம் பார்க்கிற ஆள் அவன் ஒருவன்தான் என்பதால், சனிக்கிழமை தீர்ப்பு சொல்கிற வேலையும் அவன் தலையில் விழுந்திருந்தது.

"இன்னாண்ணா, எப்டி கீது படம்?" என்றான் அப்பாவு.

"மொக்க," என்றான் சாலமோன். "பாதியிலயே தூங்கிட்டேன்."

பெட்டியே சிரித்தது. எதிர் சீட்டில் இருந்த ஒருவர் உடனே போனை எடுத்து வீட்டுக்காரியிடம், நாளைக்கு சினிமாவுக்குக் கிளம்பி இரு, படம் நல்லா இருக்காம் என்றார். சாலமோன் நல்லா இல்லை என்று சொல்லிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் எடுக்கலாம் என்பது அங்கே எல்லோரும் அறிந்த விஷயம். ஊரே எழுந்து நின்று கைதட்டிய படத்தை இவன் தலைவலி என்பான். தியேட்டரில் காற்று வாங்கிய படத்தைப் போய்ப் பாருங்கய்யா என்பான். இப்படி ஒரு கோணல் ரசனை மனுஷனுக்கு இருக்குமா என்று வாரா வாரம் கேலி பேசியவர்களில் ஒருத்தராவது கொஞ்சம் யோசித்திருக்கலாம். அவன் நல்லா இல்லை என்று சொன்ன படங்களை வரிசையாக வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை செத்துப்போயிருக்கும்.

சாலமோனுக்கும் கன்னியம்மாவுக்கும் ஒரே பெண். ஜெனிபர். ஒண்ணாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது, டெங்கு என்றார்கள், போய்விட்டாள். மூன்று வருஷம் ஆகிறது. அவள் இருந்தபோது மூன்று பேருமாகப் பொன்னேரி தியேட்டருக்குப் போவார்கள். அங்கே சீட்டெல்லாம் ஸ்பிரிங் வைத்தது, ஆள் எழுந்தால் தானாக மேலே மடங்கிக்கொள்ளும். ஜெனி சோறு என்றாலே ஓடுகிற பிள்ளை, உடம்பில் எடையே கிடையாது. உட்கார்ந்த மாத்திரத்தில் சீட்டு அவளையும் சேர்த்து மடித்துவிடும். நடுவில் அவளை உட்காரவைத்து, இந்தப் பக்கம் சாலமோனும் அந்தப் பக்கம் கன்னியம்மாவும் சீட்டு ஓரத்தைக் கையால் அமுக்கிக்கொண்டே முழுப் படத்தையும் பார்ப்பார்கள். பாப்கார்ன் எடுக்க ஒருத்தர் கையை எடுத்தால் போதும், அந்தப் பக்கம் தூக்கிக்கொள்ளும். ஜெனி அதற்கு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அவளை அடக்கம் செய்து ஒரு மாதம் இருக்கும். சும்மா ஓடட்டும் என்று டிவியில் ஏதோ ஒரு படத்தைப் போட்டான். ஆட்டம் பாட்டமாகப் போய்க்கொண்டிருந்த படம், திடீரென்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு பிள்ளையைக் காட்டியது. கன்னியம்மா சத்தம் போடவில்லை. எழுந்து வெளியே போனவள் ரயில்வே கேட் வரைக்கும் செருப்பில்லாமல் நடந்துவிட்டாள். தேடிப் பிடித்துக் கூட்டிவந்த பிறகும் சோறு இறங்கவில்லை, பேச்சு வரவில்லை. அவளையும் பறிகொடுத்துவிடுவோம் என்று சாலமோன் நடுங்கிப்போனான். அன்றைக்கு எடுத்த முடிவுதான் இது. எந்தப் படமாக இருந்தாலும் அவன் முதலில் பார்ப்பான். பிள்ளை செத்தால் அவளிடம் நல்லா இல்லை என்று சொல்லிவிடுவான். காரணம் சொல்ல மாட்டான். ரயில் பேச்சு அவள் காதுக்கும் போகும், அவளிடம் சொல்வதையே ரயிலிலும் சொன்னால்தான் பேச்சு ஒன்றுக்கொன்று முட்டாமல் இருக்கும், அதனால் கேலியையும் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

சீரியலுக்கும் இதே சட்டம்தான். சாயந்திர சீரியல் ஒன்றில் ஒரு குழந்தையை ஐசியூவில் சேர்த்ததும், சாலமோன் டிவிக்குப் பின்னால் போய் ஒயரைப் பிடுங்கிவிட்டு சிக்னல் இல்லை என்று சாதித்தான். குழந்தை பிழைத்துவிட்டது என்று ரயிலில் காதில் விழுந்த அன்றைக்குத்தான் மறுபடியும் சிக்னல் வந்தது.

படங்களை அவன் சும்மா பார்த்துவிட்டு வரவில்லை. வெள்ளிக்கிழமை காலைக் காட்சியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுவான். வீட்டில் அழ முடியாது, அவள் பார்ப்பாள். மில்லில் அழ முடியாது, பக்கத்திலேயே பழுக்கக் காய்ந்த கம்பி ஓடும். நேற்றுப் பார்த்த படத்தில் ஒரு லாரி டிரைவர் செத்துப்போன மகளுக்குத் தலை வாரிப் பின்னிவிடுகிறான், பின்னத் தெரியாமல் திரும்பத் திரும்ப அவிழ்த்து. சாலமோன் வாயில் கர்ச்சீப்பை வைத்து அடைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு மொக்கை என்றான்.

"ரொம்ப மொக்கயா?" என்றாள் கன்னியம்மா.

"ரொம்ப."

"சரி," என்று சொல்லிவிட்டு சோறு போட்டாள். அவள் பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள், அவளுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு இவன் மில்லில் இருப்பான். சர்ச் முடிந்து, கூட வேலை செய்கிற பிரின்சி வீட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போவதாகச் சொல்லுவாள். சில ஞாயிறுகளில் அவள் கண் சிவந்து வீங்கியிருக்கும். ஜெபத்தில் அழுதிருப்பாள், அங்கேயாவது அழட்டும் என்று அவனும் கேட்காமல் விட்டுவிடுவான்.

திங்கட்கிழமை ரயிலில் கூட்டம் நெரிந்தது. அப்பாவு அவன் தோளில் சாய்ந்தபடி பேச்சை ஆரம்பித்தான்.

"ண்ணா, நேத்து அண்ணிய பாத்தேன்."

"எங்க?"

"பொன்னேரி தியேட்டர்ல. நீ மொக்கன்னியே, அந்தப் படத்துக்கு. தனியா ஓரமா உக்காந்துகினு இருந்தாங்க. பக்கத்து சீட்ட கையால அமுக்கிப் புடிச்சுகினே இருந்தாங்களா, நீ வரப்போறன்னு நெனச்சேன். கடைசி வரைக்கும் ஆளே வரல."

"வேற யாரயோ பாத்திருப்ப."

"அண்ணிய எனக்குத் தெரியாதா? பொங்கல் படத்துக்கும் பாத்தேனே. அதுவும் நீ நல்லா இல்லன்ன படம்தான். உன் பேச்ச ஊட்லயே நம்ப மாட்டன்றாங்க பாரு," என்று சொல்லிவிட்டு அப்பாவு சிரித்தான். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. அவனுக்கு என்ன தெரியும்.

சாலமோனுக்கு அன்று மில்லில் வேலை ஓடவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியுமோ, அவன் வாயால் நல்லா இல்லை என்று வந்ததும் அதில் பிள்ளை சாகும் என்று புரிந்துகொண்டு தேடித் தேடிப் போயிருக்கிறாள். எந்தப் பள்ளத்தில் அவள் விழக்கூடாது என்று காவல் இருந்தானோ, அதற்குத் தானே கையைக் காட்டி வழி சொல்லியிருக்கிறான். ரொம்ப மொக்கையா என்று ஒவ்வொரு முறையும் அவள் கேட்டது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கேட்டுவிடலாம் என்று இரண்டு மூன்று தடவை அவள் எதிரில் போய் நின்றான். கேட்காமலே திரும்பி வந்தான். கேட்டால் ஜெனியின் பேரைச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் அந்தப் பேரைச் சொல்லி வெகுநாள் ஆகிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது சிரிப்புப் படம். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன ஒரு சின்னப் பெண், அவளைத் தேடி அலைகிற அசட்டு அப்பன், நடுவில் ஆயிரம் குளறுபடி. கடைசியில் பிள்ளை பத்திரமாக அம்மாவிடம் வந்து சேர்ந்துவிடுகிறது. சாலமோனே நாலு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தான். வெளியே வரும்போது அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. நல்ல யோசனை என்றுதான் நினைத்தான், பாவம். வேண்டாம் என்று சொன்ன படத்துக்குத்தானே அவள் போகிறாள், இதையும் வேண்டாம் என்று சொன்னால் என்ன? பிள்ளை உயிரோடு வீடு திரும்புகிற படம் ஒன்றையாவது அவள் பார்க்கட்டும். ஒரு தடவையாவது சிரித்துவிட்டு வரட்டும்.

"மொக்க, கன்னி."

"ரொம்ப மொக்கயா?"

"ரொம்ப. கடைசி வரைக்கும் உக்கார முடியல."

"சரி," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டான். வேலைக்குப் போகிறவன் மாதிரியே டிபன் டப்பாவோடு கிளம்பி, பொன்னேரியில் இறங்கிக்கொண்டான். விளக்கு அணைந்த பிறகுதான் தியேட்டருக்குள் நுழைந்து பின்வரிசையில் உட்கார்ந்தான். மூன்று வரிசை தள்ளி, ஓரத்தில், சர்ச்சுக்குக் கட்டிய புடவையோடு கன்னியம்மா இருந்தாள். அப்பாவு சொன்னது சரிதான். அவள் இடது கை பக்கத்து சீட்டை அமுக்கிக்கொண்டிருந்தது.

படம் ஓடியது. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சாலமோன் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சிரிக்கவில்லை. நிமிர்ந்து விறைப்பாக உட்கார்ந்து எதற்கோ காத்திருந்தாள். பிள்ளை ரோட்டைக் கடந்தபோது முந்தானையை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டாள். லாரி பிரேக் போட்டு நின்றது, டிரைவர் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள், அவள் முந்தானையை இறக்கினாள். பிள்ளை குளத்தங்கரைக்குப் போனபோது மறுபடியும் எடுத்தாள். குளத்திலும் ஒன்றும் ஆகவில்லை. இடைவேளைக்குக்கூட எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு தடவை அந்தக் கை முந்தானைக்குப் போகும்போதும் சாலமோன் சீட்டு நுனிக்கு நகர்ந்தான். போய்ச் சொல்லிவிடலாம், சாகாது கன்னி, இந்தப் புள்ள சாகாது என்று. சொல்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

கடைசியில் அந்தப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து அம்மா இடுப்பில் தாவி ஏறிக்கொண்டது. தியேட்டரில் கைதட்டலும் விசிலும் பறந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் கன்னியம்மாவிடமிருந்து ஓர் ஓலம் வந்தது. கல்லறையில் பெட்டியை இறக்கியபோதுகூட அவன் கேட்காத சத்தம். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்து, "இன்னாம்மா, சிரிப்புப் படத்துக்குப் போய் அழுவுற?" என்றாள்.

விளக்கு எரிந்தது. சனம் சிரித்துப் பேசிக்கொண்டே வெளியேறியது. கன்னியம்மா எழுந்திருக்கவில்லை. சாலமோன் டிபன் டப்பாவைப் பிடித்துக்கொண்டு அவள் வரிசைக்குள் போனான். அவனைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"இதுல புள்ள சாவலியே," என்றாள்.

"இல்ல."

"அப்ப எதுக்கு நல்லா இல்லன்ன?"

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலியான திரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"புள்ள செத்தா இங்க எல்லாரும் அழுவாங்கயா. முன்னாடி பின்னாடின்னு தியேட்டரே அழுவும். ஜெனிக்கு அழுவுற மாதிரி இருக்கும். வெளிய யாரு அழுவுறாங்க சொல்லு, எல்லாரும் மறந்துட்டாங்க. நீ கூட அழுவல."

"நான் வெள்ளிக்கெழம அழுதுருவேன்," என்றான் சாலமோன்.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். தான் கர்ச்சீப்பை வாயில் அடைத்துக்கொண்டு கடைசி வரிசையில் இருந்த வெள்ளிக்கிழமைகளை எல்லாம் அவள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. சொல்லியிருந்தால் இரண்டு பேரும் ஒரே நாளில் அழுதிருக்கலாம். ஒரு வீட்டுக்குள் ஒரே பிள்ளைக்கு, ஆளுக்கொரு கிழமையாகப் பிரித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

அவள் கை இன்னும் நடு சீட்டை விடவில்லை. அவன் அதைத் தாண்டி அந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். அவள் பக்கம் படிந்திருந்த சீட்டு, இவன் பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. சாலமோன் டிபன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு ஓரத்தில் கையை வைத்து அமுக்கினான். சீட்டு சமமாக இறங்கியது.

பாப்கார்ன் குப்பையைப் பெருக்கிக்கொண்டு வந்த பெண் அவர்கள் வரிசையில் நின்று, "அடுத்த ஷோக்கு ஆள உடப்போறாங்க, எந்திரிங்க," என்றாள். கேட்டது. இரண்டு பேரும் சீட்டை அமுக்கிக்கொண்டு அப்படியே இருந்தார்கள். யார் முதலில் கையை எடுப்பது என்று இருவருக்குமே தெரியவில்லை.