எட்டில் நிற்கும் தண்ணீர்

1

நான் அனுப்பிய ஐந்து எண்களிலிருந்து பிறந்தது இந்தக் கதை. ஐந்தும் பொய். "எல்லாக் கதையும் பொய்தானே" என்று கெட்டிக்காரத்தனமாக ஒரு வரி எழுதினேன், அடித்துவிட்டேன். அந்த மாதிரி வரிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் இத்தனை நாள் ஓட்டினேன்.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"தூத்துக்குடியின் கடற்காற்று உப்பைச் சுமந்துகொண்டு லிங்கராஜின் ஜன்னலில்—"

வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு உப்புக்காற்று வந்துவிடுகிறது. லிங்கராஜ் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கக்கூஸ் சுவர்தான் தெரியும். இரண்டாவது தொடக்கம்:

"மகள் போன மூன்றாம் நாள் காலை, லிங்கராஜின் போனில் ஒரு செய்தி வந்தது: எவ்வளவு?"

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

லிங்கராஜுக்குப் பூர்வீகம் சாத்தான்குளம். ஹார்பர் ரோட்டில் படகுக்காரர்களுக்குக் கயிறு, பெயிண்ட், நட்டு போல்ட்டு விற்கிற கடை. மனைவி தவறிப் பன்னிரண்டு வருடமாகிறது. ஒரே மகள் வேல்விழி. மீன்வளம் படித்தாள். படித்த கையோடு வீட்டு முன்னறையில் நாலடிக் கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் பவளம் வளர்த்தாள்.

(முகம் சுளிக்காதீர்கள். நம் கடலில் பவளத்தின் மேல் கை வைத்தால் ஜெயில்தான். இது எங்கோ வெளிநாட்டுத் தொட்டியில் வளர்ந்து, சென்னைக் கடையில் வாங்கியது. தொட்டிக்கு உப்புகூட பாக்கெட்டில்தான் வந்தது. "உப்பு வெளையுத ஊர்ல உப்ப வெலைக்கு வாங்குதா பாருங்க சார்" என்று லிங்கராஜ் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் சிரித்த காலம் அது.)

பவளம் ஓர் உயிர். தண்ணீரிலிருக்கிற சுண்ணாம்புச் சத்தையும் காரத்தன்மையையும் எடுத்துத்தான் அது தனக்கு எலும்பு கட்டிக்கொள்கிறது. எடுக்க எடுக்கத் தண்ணீரில் குறையும். குறைந்ததை அன்றன்றைக்கு இரண்டு பாட்டில்களிலிருந்து ஊற்றிச் சரிக்கட்ட வேண்டும். காரத்தன்மை எட்டு என்று வைத்தால் எட்டிலேயே நிற்க வேண்டும். ஏழிலேயே நின்றாலும் பிழைத்துக்கொள்ளும், ஒன்பதிலேயே நின்றாலும் பிழைத்துக்கொள்ளும். திடீரென்று ஏறி இறங்கினால்தான் தாங்காது. இதையெல்லாம் எனக்குச் சொன்னது வேல்விழிதான். நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவன். இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

அவள் பெரியதாழை டிக்சனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பையன். லிங்கராஜ் கல்யாணத்துக்குப் போகவில்லை. "எனக்கு மகளே இல்லன்னு நெனச்சிக்கிடுதேன்" என்று வாய் கூசாமல் சொன்னார், அவள் காதில் விழும்படியாகவே. அவள் டிக்சனோடு தோஹாவுக்குப் போய்விட்டாள். நானூறு கிலோ தொட்டியைத் தூக்கிக்கொண்டா போக முடியும்?

மூன்றாம் நாள் வந்ததுதான் அந்தச் செய்தி. "எவ்வளவு?" அவ்வளவே. 'அப்பா'வும் கிடையாது, 'எப்படி இருக்கீங்க'வும் கிடையாது.

லிங்கராஜ் போனைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தொட்டி முன்னால் நின்றார். அவள் செய்ததைத் தினமும் பார்த்தவர்தான். தொட்டித் தண்ணீரைச் சின்னக் குப்பியில் எடுத்து, இரண்டு சொட்டு மருந்து விட்டார். நீலமானது. இன்னொரு பாட்டில் மருந்தை ஊசிக்குழலில் உறிஞ்சிச் சொட்டுச் சொட்டாக விட்டார். நீலம் ரோஸாக மாறுகிற இடத்தில் நிறுத்தி, குழலில் எண்ணைப் பார்க்க வேண்டும். சொட்டு கூடிப்போனது. மூன்று தடவை செய்தார். 7.6 என்று அனுப்பினார்.

பதில் வந்தது: "22 மில்லி போடுங்க."

அந்தப் 'போடுங்க'வில் இருந்த மரியாதை அன்றைக்கு அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இப்படியே இரண்டு வருடம். தினமும் காலை ஏழரைக்கு எண் போகும், அளவு வரும். வேறு ஒரு சொல் கிடையாது.

3

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். லிங்கராஜை நான் ரொம்ப நல்லவராக்கிக்கொண்டே போகிறேனோ? குற்றம் செய்தவன் எழுதினால் எதிராளி கோயில் சிலை மாதிரி ஆகிவிடுகிறார். மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை. சரியான கல்லுளிமங்கன். ஒருநாள் கேட்டேன்:

"அண்ணாச்சி, அந்த எண்ணுக்குக் கீழ 'சாப்பிட்டியா'ன்னு ஒரு வார்த்தை போட்டா என்ன கொறஞ்சி போயிரும்?"

"அவ கேக்கட்டும்."

"அவளும் உங்கள மாதிரியே வீம்பா இருந்தா?"

"இருக்கத்தான் செய்வா. எம் மகள்லா." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை.

போன ஆவணியில் டிக்சனின் அம்மா ஜாஸ்லின் கடைக்கு வந்து, வேல்விழி முழுகாமல் இருக்கிறாள், தையில் பேறுகாலம் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை லிங்கராஜ் எண்ணை அனுப்பிவிட்டு, அதற்குக் கீழே ஏதோ அடித்தார். அழித்தார். திரும்ப அடித்தார். திரும்ப அழித்தார். கடைசியில் ஒன்றும் போகவில்லை.

(அடிப்பதும் அழிப்பதும் என் தொழில். எனக்கு அது மாதிரி ஒரு வலி வந்ததில்லை.)

4

ஐப்பசியில் அவருக்கு நெஞ்சுவலி. மதுரைக்குப் போய் அடைப்பு எடுக்க வேண்டும் என்றார்கள். தம்பி மாசானம் காரோடு வாசலில் நிற்கிறார். லிங்கராஜ் என்னைக் கீழே கூப்பிட்டார். தொட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எட்டு நாளைக்கு நீங்க பாத்துக்கிடுங்க சார். நம்பர எனக்கு அனுப்புங்க, நான் அவளுக்கு அனுப்பிக்கிடுதேன். ஆஸ்பத்திரி சமாச்சாரம் அவளுக்குத் தெரியக்கூடாது. புள்ளத்தாச்சி, பயந்துருவா."

"சரி அண்ணாச்சி."

"மறந்துறாதீங்க."

"மறப்பனா?"

மூன்று நாள் ஒழுங்காகப் பார்த்தேன். நாலாம் நாள் காலை எனக்கு ஒரு கதை பிடிபட்டது. (அது அச்சில் வந்தது, நாலு பேர் பாராட்டினார்கள். தனியாக இருக்கும் ஒரு தகப்பனைப் பற்றிய கதை. என்னைக் காறித் துப்பத் தோன்றினால் துப்பிக்கொள்ளுங்கள்.) ஒரு பத்தி பாதியில் நிற்கும்போது போன் அடித்தது. "எவ்வளவு சார்?" பதினாறு படி இறங்க வேண்டும். இறங்கவில்லை. 8.1 என்று அனுப்பினேன்.

மறுநாள் 7.9. அப்புறம் 8.0. அப்புறம் 8.2. கடைசி நாள் 8.0.

கவனித்தீர்களா? ஐந்து நாளும் 8.0 என்று போட்டிருந்தால் மாட்டியிருப்பேன். நம்ப வைக்கக் கொஞ்சம் பிசகு வேண்டும். இருபது வருடம் கதை எழுதிக் கற்றுக்கொண்டது அதைத்தான். நான் எழுதியதிலேயே யாரும் துளிகூடச் சந்தேகப்படாத புனைவு இந்த ஐந்து எண்கள்தான். மதுரையில் படுத்துக்கொண்டு, குளுக்கோஸ் ஏறுகிற கையால் லிங்கராஜ் அவற்றை மகளுக்கு அடித்து அனுப்பினார். அவளும் அதைப் பார்த்து அளவு சொன்னாள். அவர் எனக்கு அனுப்பினார். நான் "ஆச்சு" என்று பதில் போட்டேன். ஒரு மில்லிகூட ஊற்றவில்லை.

எட்டாம் நாள் மாலை, அண்ணாச்சி கிளம்பிவிட்டார் என்று மாசானம் போன் பண்ணினார். கீழே ஓடினேன். பவளங்கள் சுருங்கிப் போயிருந்தன. எண்ணைப் பார்க்கப் பயந்து, ஐந்து நாள் பாக்கியைக் குத்துமதிப்பாக, தேவைக்கு மேலேயே, ஒரே மூச்சில் ஊற்றினேன். கார பாட்டிலுக்கும் சுண்ணாம்பு பாட்டிலுக்கும் நடுவில் அரை மணி இடைவெளி விட வேண்டும் என்று அவள் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறது. விடவில்லை. தொட்டி பாலாகக் கலங்கியது. அவர் வருவதற்குள் தெளிந்தும்விட்டது. தப்பித்தேன் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

5

மறுநாள் காலை லிங்கராஜ் பார்த்தார். 10.1. அப்படியே அனுப்பினார். "திரும்பப் பாருங்க" என்று வந்தது. பார்த்தார். 10.1. "எதுவும் போடாதீங்க" என்று வந்தது.

மூன்றாம் நாள் பவளங்கள் உரியத் தொடங்கின. அடியிலிருந்து தோல் கழன்று, உள்ளேயிருந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. முதலில் ஒன்று, சாயங்காலத்துக்குள் ஏழு. லிங்கராஜ் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒரு பெரிய பவளத்தின் அருகே கண்ணாடியில் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். மகள் வாங்கி வரும்போது கட்டை விரல் அளவு இருந்ததாம். படம் எடுத்து அனுப்பினார்.

போன் அடித்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவை. ஸ்பீக்கரில் போட்டார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

"எட்டுல இருந்தது ஒரே நாள்ல பத்துக்கு எப்படிப்பா ஏறும்?"

'அப்பா' என்றாள். லிங்கராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாக்காமலே நம்பர் அனுப்பியிருக்கீங்க. மொத்தமாக் கொறஞ்சதும் எல்லாத்தையும் சேத்து ஊத்தியிருக்கீங்க. அப்படித்தான?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமாளா."

"ரெண்டு வருசமும் இப்படித்தானா? நான் தெனமும் காலைல எந்திச்சி மொத வேலையா பாப்பேன்பா. அங்க எங்கப்பா இந்நேரம் தொட்டி முன்னால நிக்காருன்னு நெனச்சிக்கிடுவேன். எல்லாமே சும்மாவா?"

"இல்லளா. இந்த அஞ்சு நாளுதான்."

"எப்படி நம்ப?"

வைத்துவிட்டாள்.

6

இங்கே கதையை வேறு மாதிரி முடிக்கப் பார்த்தேன்.

முடிவு அ: போனைப் பிடுங்கி, "வேல்விழி, அது நாந்தான்" என்று கத்துகிறேன். (கத்தவில்லை.)

முடிவு ஆ: பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வாசலில் வந்து நிற்கிறாள், லிங்கராஜ் கதவைத் திறந்து— (சினிமாவுக்கு ஆகும்.)

முடிவு இ: திரும்பவும் நெஞ்சுவலி வந்து லிங்கராஜ்— (இதை எழுதின கை விளங்காமல் போகட்டும்.)

நடந்தது இதுதான். 'அஞ்சு நாளு' என்ற சொல் எனக்கு முள்ளாகக் குத்தியது. எத்தனை நாள் என்று நான் யாரிடமும் சொன்னதே இல்லை. கேட்டேன். அவர் எண் பார்ப்பதற்குச் சொட்டு விடுகிற மருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினார். பக்கவாட்டில் ஒரு காகிதப் பட்டை. அதில் பென்சிலால் கோடுகள்.

"கடக்காரன் சார். தின்னர் டப்பாவ அசச்சிப் பாத்தே எவ்வளவு கெடக்குன்னு சொல்லிருவேன். எட்டு நாளுக்கு எறங்க வேண்டிய மருந்து மூணு நாளுக்குத்தான் எறங்கியிருக்கு. வந்த அன்னைக்கே பாத்துட்டேன்."

"அப்ப அவகிட்ட என் பேரச் சொல்லியிருக்கலாமே, அண்ணாச்சி!"

"உங்களச் சொன்னா ஆஸ்பத்திரியச் சொல்லணும்லா. பேறுகாலம் முடியட்டும்."

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன், இதை எழுதியிருக்க மாட்டேன்.

7

தொட்டியை அவர் எடுக்கவில்லை. மோட்டார் ஓடுகிறது, விளக்கு எரிகிறது. உள்ளே வெள்ளை எலும்புகள் மட்டும். காலை ஏழரைக்கு இப்போதும் பார்க்கிறார், அனுப்புகிறார். பார்த்ததற்கு அடையாளமாக நீலக் குறி விழுகிறது. பதில் வருவதில்லை.

சத்தை எடுத்துக்கொள்ள உள்ளே உயிர் இல்லாததால் தண்ணீரில் எதுவும் குறைவதில்லை. தண்ணீர் மாற்றி ஒரு தடவை எட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து அசையவே இல்லை. 8.0. 8.0. 8.0. நாற்பது நாளாக அதே எண். அவள் இரண்டு வருடம் பாடுபட்டது இந்த நிலைக்குத்தான். தோஹாவில் உட்கார்ந்து பார்க்கிறவளுக்கு இது எப்படித் தெரியும்? பார்க்காமல் அடித்து விடுகிறார் என்றுதான். என் பொய் நிஜம் மாதிரி இருந்தது. அவருடைய நிஜம் பொய் மாதிரி இருக்கிறது.

பொறுக்க முடியாமல் சொன்னேன்: "ஒருநாளாவது 8.1ன்னு போடுங்க அண்ணாச்சி. நம்புவா."

மருந்து பாட்டிலை மூடி வைத்தார்.

"இருக்கதத்தான சார் சொல்ல முடியும்?"

8

இந்தக் கதை மாசிக்கு முன்னால் அச்சேறக் கூடாது என்று பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குள் பிள்ளை பிறந்திருக்கும். லிங்கராஜிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் தர மாட்டார். அவர் பேர் லிங்கராஜ் இல்லை. ஊர்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். எண்களை மட்டும் மாற்றவில்லை.

மற்ற வாசகர்கள் இத்தோடு மூடிவைத்துவிடலாம். இனி ஒருத்திக்கு மட்டும்.

உனக்கு நான் வைத்த பேர் வேல்விழி. போனை எடுத்து, போன ஐப்பசிக்குப் போய்ப் பார். 8.1, 7.9, 8.0, 8.2, 8.0 என்று வரிசையாக இருக்கிறதா? அந்த ஐந்தும் நான் எழுதியது. அப்போது உன் அப்பா மதுரை ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது நன்றாக இருக்கிறார், மாத்திரை சாப்பிடுகிறார். அதற்கு முந்தின மூன்றும் நான் பார்த்துச் சொன்னவை. அதற்கும் முந்தின எழுநூறு எண்களும், அதற்குப் பின்னால் வந்துகொண்டிருக்கிற எட்டுகளும் அவர் தொட்டி முன்னால் நின்று பார்த்து எழுதியவை.

இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. மிச்சம் உன் கையில் இருக்கிற போனில்தான் இருக்கிறது.

இன்று காலை நானும் பதினாறு படி இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் சொட்டு விட்டார், நான் எண்ணைப் படித்தேன். 8.0.