யாரும் சாகாத வண்டி

தாய்லாந்தின் கோராட் நெடுஞ்சாலையில் தவீசாக்கின் பழைய வண்டிக் கடைக்கு வருகிறவர்கள் எஞ்சினைப் பார்க்கும் முன் பேய் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். டயர் தேய்ந்திருந்தால் பேரம் பேசிச் சரிக்கட்டிவிடலாம். உள்ளே ஒருவன் செத்திருந்தாலோ பாதி விலைக்கும் சீண்ட ஆள் வராது.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிப்போக வேன் தேடி வந்த பைலினும், வெள்ளை வேனின் பின்சீட்டில் ஏறிக் கண்ணை மூடி உட்கார்ந்தாள். தவீசாக் வெளியே நின்று கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அது ஒரு வேன் அல்ல, இரண்டு. முன்பக்கம் நசுங்கிய ஒன்றையும் பின்பக்கம் நசுங்கிய ஒன்றையும் வெட்டி, நல்ல பாதிகளை அவர் மச்சான் போங் பற்றவைத்திருந்தான். ஒட்டு, தரைவிரிப்புக்கு அடியில் குறுக்கே ஓடியது.

"யாராச்சும் தட்டுப்படுறாங்களா?" என்றார்.

"தெரியல. நீங்களே சொல்லுங்கண்ணே. இதுல யாராவது செத்திருக்காங்களா?"

தவீசாக்குக்கு மூச்சு வந்தது. ஒரு விபத்தில் ஒருவனுக்குக் கால் போனது, மற்றதில் இன்னொருவனுக்கு இடுப்பு போனது; யாருக்கும் உயிர் போகவில்லை.

"எங்கம்மா மேல சத்தியம். ஒருத்தரும் சாகல."

"அம்மாவ எல்லாரும்தான் இழுக்குறாங்க. வாசல் சாமிகிட்ட சொல்லுங்க."

கடை வாசலில் கம்பத்தின் மேல் இருந்த சின்னச் சாமி வீட்டின் முன் போய்ச் சொன்னார், கைகூப்பி, குரல் நடுங்காமல். சாமி முன்னால் அவர் பொய் சொல்வதில்லை.

பிறகும் அவள் விடவில்லை. எஞ்சின் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி மோந்தாள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, வெள்ளத்துச் சேறு படிந்திருக்கிறதா என்று தடவினாள்.

"முட்டை வாங்குறவ மாதிரி குலுக்கிப் பாக்குறியே தங்கச்சி!"

"முட்டை அழுகினா தூக்கிப் போட்டுடலாம். இது ஊரான் பிள்ளைங்கண்ணே."

அவள் கை தரைவிரிப்பின் ஓரத்துக்குப் போனது.

"விரிப்பு புதுசா ஒட்டினது. பிச்சா மறுபடி நிக்காது."

கையை எடுத்துக்கொண்டாள். யாரும் சாகாத வண்டியில் விரிப்புக்கு அடியில் என்ன இருந்துவிடப் போகிறது?

விலை படிந்தது. பக்கத்தில் சாம்பல் நிற வேன் ஒன்று நின்றது; கிழடு, ஆனால் ஒரே உடம்பு. அதைக் காட்டலாம் என்று தவீசாக் வாயைத் திறந்தார். அதில் லாபம் ஒன்றும் நிற்காது. வாயை மூடிக்கொண்டார்.

பைலின் பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தாள்.

"நடுவுல இன்னொரு பெஞ்சு போட்டா நாலு பிள்ளைங்க கூட ஏறும். தரையில ஓட்டை போட்டு போல்ட் முறுக்கணும். தரை தாங்குமாண்ணே?"

கடையின் பின்கொட்டகையில் போங்கின் சுத்தியல் சத்தம் நின்றது. இந்தக் கேள்வியை அவள் சாமி முன்னால் கேட்கவில்லை.

"தாங்கும்," என்றார் தவீசாக்.

"இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க."

குனிந்து பிடித்தார். நாடா விரிப்பின் மேல் நீண்டு, ஒட்டு ஓடிய இடத்தைத் தாண்டி, அவள் விரல் வரை போனது.

"இழுத்துப் பிடிங்கண்ணே, தொங்குது," என்றாள் பைலின்.

அவர் இழுத்துப் பிடித்தார்.