ஒரு கூடாரம், ஒரே தோட்டா

ஒரே வாரத்தில் மூன்றாவது முறையாக ஆர்விட் தோர்ஸ்கார்ட் அந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்கினார். தோளில் அணைத்தார், குறி பார்த்தார், மெல்ல மேசைமேல் கிடத்தினார். கிடத்திய கை மட்டும் அதைவிட்டு அகல மறுத்தது.

மேசைக்கு அப்பால் வெண்டெல் கோஸ்கி நின்றிருந்தார். அந்த மொன்டானா மலையூரில் முப்பது ஆண்டுகளாக ஆணியும் கயிறும் துப்பாக்கியும் விற்பவர். வாய் மட்டும் இலவசம்.

"யோவ் ஆர்விட், பேசாம அதைக் கல்யாணம் பண்ணிக்கய்யா. இவ்ளோ நேரம் கட்டிப்புடிச்சா ஊரு தப்பாப் பேசும்."

"சும்மா பாக்கறேன்யா."

"என்னத்தப் பாக்கற? உங்கிட்ட இருநூத்தெழுபது இருக்கு. முப்பது-ஆறு இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல எதுக்கு இந்த இருநூத்தெம்பது? குளிருக்கு ஒரு கோட்டு வச்சிருக்க, கடுங்குளிருக்கு ஒரு கோட்டு வச்சிருக்க. நடுவுல அடிக்கிற குளிருக்கு மூணாவதா ஒரு கோட்டா? எல்க்கு என்ன, தோட்டாவப் புடிச்சு நம்பரப் படிச்சுப் பாத்துட்டா விழப்போவுது?"

வெண்டெல் சொன்னதில் பிழையில்லை. அந்த எண்களெல்லாம் தோட்டாவின் அளவுப் பெயர்கள்; மூன்று தோட்டாக்களும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக அரிந்தால், அதில் ஏழே கூறுதான் இருநூற்றெழுபதின் குண்டுக்கும் இருநூற்றெண்பதின் குண்டுக்கும் உள்ள வேற்றுமை. எல்க் என்ற அந்தப் பெரிய மலைமானை ஒன்று வீழ்த்துமானால் மற்றதும் வீழ்த்தும். ஆர்விட் இதை அறியாதவர் அல்லர். அறிந்தும் அவர் கை அங்கே கிடந்ததற்குக் காரணம், சட்டைப் பையில் இருந்த கைப்பேசிக்கு ஒன்பது நாட்களுக்கு முன் வந்த நான்கு வரி.

"எல்க் வேட்டைக்கு அனுமதி கெடச்சிருக்கு. உங்க மலைப்பக்கம்தான். இருநூத்தெம்பது எடுத்துட்டு வர்றேன். எங்க தங்கறதுன்னு இன்னும் முடிவு பண்ணல."

எழுதியவள் சிக்னி, அவர் மகள். மின்னசோட்டாவில் பாலங்கள் கட்டும் பொறியாளர். கிறிஸ்துமசுக்கு ஒரு தொலைபேசி, அவர் பிறந்தநாளுக்கு ஒரு தொலைபேசி, இரண்டிலும் பேச்சு வானிலை. பத்தொன்பது ஆண்டுகளாக அவர்களுக்குள் இருந்தது அவ்வளவுதான்.

அவளுக்கு அவர் தர விரும்பிய இடமோ, ஊரிலிருந்து பதினோரு மைல் உள்ளே, குதிரைமேல் பொதியேற்றிச் சென்று அக்டோபர் இறுதியில் அடிக்கும் வேட்டைக் கூடாரத்தில் ஓர் இடம். அந்தக் கூடாரத்துக்கோ ஒரு சட்டம் உண்டு: வருகிற அனைவரும் முப்பது-ஆறு மட்டுமே சுடவேண்டும். நடுவில் ஒரு தகரப்பெட்டி, அதில் எல்லோருக்கும் பொதுவான தோட்டா.

சட்டம் பிறந்த கதையைச் சொல்லி ஊரே சிரிக்கும். ஆர்விட்டின் சித்தப்பா ஓராண்டு முப்பது-ஆறு துப்பாக்கியோடு இருநூற்றெழுபதுத் தோட்டாப் பெட்டியை எடுத்துக்கொண்டு பதினோரு மைல் ஏறிவிட்டார். ஐந்து நாள் மற்றவர்களுக்கு மொச்சை வேகவைத்தார். ஆறாம் நாள் கூடாரத்து வாசலிலேயே ஓர் ஆண் எல்க் வந்து நின்று அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனது. அன்று முதல், ஒரு கூடாரம், ஒரே தோட்டா.

சிரிக்கத்தக்க சட்டம்தான். ஆனால், சிரிக்கத்தக்க சட்டங்களைக்கொண்டே இந்த உலகம் எத்தனை கதவுகளைச் சாத்தியிருக்கிறது!

பதினான்கு வயதில் சிக்னி கூடாரத்துக்கு வருகிறேன் என்றாள். வீட்டுக்குப் பின்னிருந்த மேட்டில் தந்தையின் இருநூற்றெழுபதில் பழகியவள். எல்க் மந்தை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் காற்றை மோந்தே சொல்லுகிறவள். கூடாரத்தின் மறுபாதிக்கு உரியவரும் ஆர்விட்டின் பெரியப்பா மகனுமான ரோலண்ட், சட்டம் என்ற ஒரு சொல்லைச் சொன்னார். முப்பது-ஆறின் உதையை அந்தச் சின்னத் தோள் தாங்காது என்றார். ஆர்விட் வாய் திறக்கவில்லை. திறக்கவேண்டிய தேவையைச் சட்டம் தீர்த்துவைத்ததே என்று உள்ளூர மகிழவும் செய்தார். ஆடவர் கூடாரத்தில் ஒரு பெண்பிள்ளையை எங்கே படுக்கவைப்பது, எப்படிப் பேசுவது என்ற கூச்சத்தை வெளியே சொல்லாமல் தப்பித்தாரல்லவா!

அடுத்த ஆண்டு ரோலண்டின் மகன் வந்தான். வயது பன்னிரண்டு. முப்பது-ஆறின் உதையை அவன் தோளும் தாங்காது. ஆகவே, அவன் கையில் இருநூற்றெழுபது. கொடுத்தவர் ஆர்விட். சிக்னி பழகிய அதே துப்பாக்கி. சட்டம் அந்த ஒரு வாரம் கண்ணை மூடிக்கொண்டது.

வண்டியில் அதை ஏற்றும்போது சிக்னி சமையலறைச் சன்னலில் நின்றிருந்தாள். அதன்பின் அவரோடு மலையேறவே இல்லை.

ஆண்டுதோறும் வேட்டை தொடங்கும் விடியலில், மேல்முகட்டில் விழுந்துகிடக்கும் ஒரு பைன் மரத்தில் ஆர்விட் சாய்ந்து உட்காருவார். உட்காரும்போதே பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம்விட்டு உட்காருவார். யாரும் அதைக் கேட்டதில்லை. அவராகச் சொன்னதும் இல்லை. பத்தொன்பது விடியல்கள் அந்த இடத்தில் உறைபனி மட்டுமே வந்து உட்கார்ந்தது.

"உண்மையச் சொல்லவா?" என்றார் ஆர்விட். "எம் பொண்ணு சிக்னி இருநூத்தெம்பதோட வர்றா. நானும் அதையே எடுத்துட்டேன்னு வச்சிக்க. நாங்க ரெண்டு பேரு ஆயிடறோம். எங்களுக்குத் தனியா ஒரு பொட்டி. அப்ப ரோலண்டு சட்டம் பேச முடியாதுல்ல?"

வெண்டெல் கண்ணாடியைக் கழற்றினார். "அடப்பாவி! பொண்ணக் கூப்புடறதுக்கு ஒரு துப்பாக்கி வாங்கறியா?"

கதவு மணி ஒலித்தது. உள்ளே வந்தவர் ரோலண்டேதான். கூடாரத்து அடுப்புக்குப் புகைக்குழாய் வாங்க வந்தவர், மேசைமேல் கிடந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன தம்பி, மூணாவதா? கண்ணு மங்கிப் போச்சு, அளவ மாத்தினா குறி தப்பாதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"சிக்னி வர்றா."

ரோலண்ட் சிரிப்பைச் சுருட்டிக்கொண்டார். "கூடாரத்துக்கா?"

"எல்க்குக்கு. அவ இருநூத்தெம்பது சுடுவா."

"நல்லா சுடட்டும். ஊர்ல தங்கிட்டு ரோட்டோரமாச் சுடட்டும். நமக்குச் சட்டம் இருக்கு, ஆர்விட். உனக்குத் தெரியாததா?" பிறகு துப்பாக்கியைப் பார்த்தார், கணக்குப் புரிந்தது, குரல் இளகியது. "ஓ, அப்புடியா சேதி! சரி, நீயும் அதையே தூக்கிட்டு வா. ரெண்டு பேர்னா யோசிக்கலாம். ஒனக்காக."

ஒனக்காக!

ஆர்விட் கேட்க விரும்பிய அனுமதி கேட்காமலே கிடைத்துவிட்டது. கையொப்பமிட்டுத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போவதுதான் பாக்கி. ஆயினும் அவர் நெஞ்சில் சன்னலில் நின்ற அந்தப் பதினைந்து வயது முகம் எழுந்தது. பத்தொன்பது ஆண்டு கழித்து அந்த முகத்துக்கு அவர் என்ன கொண்டுபோகிறார்? நீதியையா? இல்லை. எந்தச் சட்டம் அவளைத் தள்ளியதோ, அதே சட்டத்தின் காலடியில் ஒரு புதுத் துப்பாக்கியைக் காணிக்கை வைத்து, அதன் புறவாசல் வழியாக அவளைக் குனிந்து நுழையச் சொல்லப்போகிறார். அவள் யார் தயவில் உள்ளே வரவேண்டும்? எதற்காக வரவேண்டும்?

அவர் கை துப்பாக்கியைவிட்டு அகன்றது.

"ரோலண்ட், உம் பையன் மொத வருசம் வந்தானே, என்ன தூக்கிட்டு வந்தான்?"

"எப்பவோ நடந்தது..."

"என்ன தூக்கிட்டு வந்தான்?"

"இருநூத்தெழுபது. சின்னப் பையன்டா அவன்."

"அவளும் சின்னப் பொண்ணுதான்டா. அவ துப்பாக்கியத்தான் அவன் கையில குடுத்தேன். ஒன்னயச் சொல்லல, என்னயத்தான் சொல்றேன். அன்னிக்கு நான் ஊமையா நின்னேன்." துப்பாக்கியை வெண்டெல் பக்கம் தள்ளினார். "இந்த வருசம் அவ இஷ்டப்பட்ட துப்பாக்கியோட வருவா. நான் என் முப்பது-ஆறோட வருவேன். ஒனக்கு ஒப்பலைன்னா கூடாரத்த நீயே வச்சிக்க. நான் அவளோட வெட்டவெளியில படுத்துக்கறேன்."

"இந்த வயசுல, இந்தப் பனியிலயா? செத்துப்போவடா."

"போறேன்."

ரோலண்ட் புகைக்குழாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசல்வரை போனார். அங்கே நின்று, "கட்டில் அஞ்சுதான் இருக்கு," என்று சலித்துக்கொண்டார். அது சம்மதமா மறுப்பா என்று சொல்லாமலே போய்விட்டார்.

ஆர்விட் வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து மகளை அழைத்தார். ஐந்தாவது மணியில் எடுத்தாள்.

"அப்பா? என்னாச்சு? இன்னிக்கு உங்க பொறந்தநாள் இல்லையே."

"இல்லம்மா. நீ கூடாரத்துக்கு வா."

மறுமுனையில் இரும்பில் இரும்பு மோதும் ஓசை, பாலத்து வேலை. "அவங்க சட்டம் மாறிடுச்சா?"

"தெரியல. நான் சொல்லிட்டேன். அந்த இருநூத்தெழுபதை நான் தூக்கிக் குடுத்திருக்கக் கூடாதும்மா. நீ சன்னல்ல நின்னியே, பாத்தேன். பாத்தும் குடுத்தேன்."

இரும்போசை தேய்ந்தது; அவள் வேலையிடத்தைவிட்டுத் தள்ளி நடந்திருக்கவேண்டும். மின்னசோட்டாவின் காற்று மட்டும் கேட்டது.

"ஊர்ல ரூம் போட்டுட்டேன்ப்பா," என்றாள் கடைசியில். கொஞ்சம் பொறுத்து, "குதிரையெல்லாம் எந்தக் கெழமை மேல போவுது?"

"வியாழக்கெழம. காலைல ஆறு மணி."

"சொல்ல முடியாது. பாக்கறேன். வைக்கட்டா?"

"வைம்மா."

வைத்தாள். அவர் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கச் சற்று நேரம் ஆயிற்று. வியாழனுக்குப் பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் வருவாளா வரமாட்டாளா என்று யாரிடம் கேட்க முடியும்?

வண்டியைவிட்டு இறங்கி மறுபடி கடைக்குள் போனார். வெண்டெல் அந்தத் துப்பாக்கியைச் சுவர்ச் சட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"மனசு மாறிடுச்சா? எடுத்துத் தரவா?"

"துப்பாக்கி வேணாம். இருநூத்தெம்பதுல ஒரு பொட்டி தோட்டா குடு."

"யோவ், ஒன் துப்பாக்கி ரெண்டுலயும் அது நுழையாதுய்யா! சித்தப்பா புத்தி தொத்திக்கிச்சா? வச்சி என்ன பண்ணப் போற?"

"சுமக்கப் போறேன்," என்றார் ஆர்விட்.